உங்க ஊர் எது? வரிச் சட்டம் கேட்கிற விதமே வேற!

இன்ஜினியரிங் கவுன்சிலிங் சமயத்தில் நம்மில் பல பேர் இ-சேவை மையத்துக்கு அலைந்து ‘நேட்டிவிட்டி’ வாங்கியிருப்போம். இவர் இந்த ஊர்க்காரர்தான் என்று தாசில்தார் ஆபீஸ் சொல்லும் காகிதம் அது. அப்பா பெயர், பிள்ளையார்பாளையம் முகவரி, படித்த பள்ளி எல்லாம் சேர்ந்து நம்மை ஒரு ஊரோடு கட்டிப்போடும்.

நாலு வருஷம் கழித்து பிளேஸ்மென்ட் வருகிறது. ஒருத்தருக்கு பெங்களூரு, ஒருத்தருக்கு துபாய், இன்னொருத்தருக்கு எம்.எஸ். படிக்க டெக்சாஸ். இப்போ அதே கேள்வியை வருமான வரித்துறை கேட்கும்: “நீங்க எந்த ஊர்?” இதற்கு நேட்டிவிட்டியைக் காட்டினால் வேலைக்கு ஆகாது. ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்போர்ட்டில் இருக்கும் முகவரி எதுவுமே முதல் பதில் இல்லை. வரிச் சட்டம் பார்ப்பது முக்கியமாக ஒன்றைத்தான்: நீங்க எங்கே, எத்தனை நாள் இருந்தீங்க?

இதைத்தான் ‘வரிக்கான வசிப்பிட நிலை’ என்கிறோம். நம் சிலபஸில் இது எந்த செமஸ்டரிலும் வராது. ஆனால் முதல் சம்பளத்திலேயே பரீட்சை வைக்கும். பக்கத்தில் இருக்கும் ஊரிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

தறி நகராது, ஆள் நகர்வார்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘தறி இறை’ என்று ஒரு வரி வருகிறது. தறிக்குப் போட்ட வரி. அதை வசூலிப்பது சுலபம். தறி எங்கே நிற்கிறதோ, அந்த ஊர் வரி கேட்கும். தரையில் குழி தோண்டி இறக்கிய குழித்தறியைத் தூக்கிக்கொண்டு யாரும் பக்கத்து நாட்டுக்கு ஓட முடியாது. நிலவரி, வீட்டு வரி எல்லாம் இன்றைக்கும் இந்த வகைதான்.

ஆனால் சம்பளம் நகரும் ஆளோடு போகிறது. இன்றைக்கு ஒரகடத்தில் இருப்பவர் அடுத்த மாசம் ஹைதராபாத்தில் இருப்பார், அடுத்த வருஷம் சிங்கப்பூரில் இருப்பார். நகரும் ஆளை ஒரு ஊரோடு கட்ட ஒரு அளவுகோல் வேண்டும். அதற்குத்தான் நாள்கணக்கு.

காஞ்சிபுரத்திலிருந்து பெங்களூரு போனால்?

முதலில் ஒரு நல்ல செய்தி. இந்தியாவுக்குள் மாநிலம் மாறினால் உங்கள் வருமான வரி மாறாது. காரணம் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் இருக்கிறது. விவசாய வருமானம் தவிர்த்த மற்ற வருமானத்துக்கு வரி போடும் அதிகாரம் ஒன்றியப் பட்டியலின் 82-வது இனம். விவசாய வருமானத்துக்கு வரி போடுவது மட்டும் மாநிலப் பட்டியலில், 46-வது இனமாக இருக்கிறது. அதனால் காஞ்சிபுரத்தில் வாங்கினாலும் கவுஹாத்தியில் வாங்கினாலும் ஒரே சம்பளத்துக்கு ஒரே வருமான வரிதான்.

மாறுவது தொழில் வரி. இது மாநிலங்களின் உரிமை. அரசியலமைப்பின் 276-வது பிரிவு, ஒரு ஆளிடம் வருஷத்துக்கு 2,500 ரூபாய்க்கு மேல் இதை வாங்கக் கூடாது என்று வரம்பு போட்டிருக்கிறது. தமிழ்நாட்டில் இதை உள்ளாட்சி அமைப்புகள் அரையாண்டுக்கு ஒரு முறை வசூலிக்கின்றன. கர்நாடகத்தில் மாதச் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். டெல்லியிலும் ஹரியானாவிலும் தொழில் வரியே கிடையாது. இங்கே கவனிக்க வேண்டியது, நீங்க எங்கே பிறந்தீங்க என்பதை இந்த வரி பார்ப்பதில்லை, எங்கே வேலை செய்யறீங்க என்பதைப் பார்க்கிறது. ஆக, பெங்களூரு நண்பருக்கு சம்பளச் சீட்டில் ஒரு வரி கூடுதலாக வரும். அவ்வளவுதான்.

மாநிலம் முக்கியமாகும் இடங்கள்

இந்தியாவில் ‘எந்த மாநிலத்து ஆள்’ என்பதே வருமான வரியைத் தீர்மானிக்கும் ஒரு இடம் உண்டு: சிக்கிம். 1975-ல் இந்தியாவோடு இணைந்த மாநிலம். 2008-ல் வருமான வரிச் சட்டத்தில் 10(26ஏஏஏ) என்ற பிரிவைச் சேர்த்து, சிக்கிம்காரர்களுக்கு அந்த மாநிலத்தில் கிடைக்கும் வருமானத்துக்கு வரி விலக்கு தந்தார்கள். யார் சிக்கிம்காரர்? பழைய ‘சிக்கிம் குடிகள் பதிவேட்டில்’ பெயர் உள்ளவர்கள், அவர்களோடு சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள், அவர்களின் வழிவந்தவர்கள். இணைப்புக்கு முன்பே அங்கே குடியேறி வாழ்ந்த மற்ற இந்தியர்கள் விடுபட்டார்கள். 2008 ஏப்ரல் 1-க்குப் பிறகு வெளியாளைத் திருமணம் செய்த சிக்கிம் பெண்களுக்கும் விலக்கு இல்லை என்றது சட்டம். ஆண்களுக்கு அந்த நிபந்தனை இல்லை! வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2023 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. 1975 ஏப்ரல் 26-க்கு முன்பே சிக்கிமில் குடியேறிய இந்தியர்களுக்கும் விலக்கு உண்டு, பெண்களை மட்டும் ஒதுக்கியது செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது.

பாருங்க, ‘எந்த ஊர்’ என்ற கேள்விக்குள் எத்தனை பேருடைய வாழ்க்கை இருக்கிறது! அதே சமயம், கேங்டாக்கில் வாடகைக்கு வீடு எடுத்தால் நமக்கும் வரி இல்லை என்று நினைத்துவிடாதீங்க. அந்தக் கதவு நமக்கானது இல்லை.

இரண்டாவது இடம் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. புதுச்சேரி பதிவெண் கொண்ட சொகுசு கார்களை நம் ரோட்டிலும் பார்த்திருப்பீங்க. வாகன வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு. புதுச்சேரியில் குறைவு. அதனால் அங்கே குடியிருப்பதாக ஒரு முகவரியைக் காட்டி காரைப் பதிவு செய்து, வேறு மாநிலத்தில் ஓட்டும் வழக்கம் கிளம்பியது. 2017-ல் கேரளத்தில் இது பெரிய விவகாரமாகி வழக்குகள் வரை போனது. 1988 மோட்டார் வாகனச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது: வண்டி வழக்கமாக எங்கே நிற்கிறதோ, அங்கே உங்களுக்கு வீடோ தொழிலிடமோ இருக்க வேண்டும், அங்கேதான் பதிவு. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் புதுப் பதிவெண் வாங்க வேண்டும்.

இந்த இரண்டு கதையிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துக்கலாம். வரிக்கு ஒரு ஊரை வெறும் காகிதத்தில் உருவாக்க முடியாது. அங்கே உண்மையாகவே வாழ்ந்திருக்க வேண்டும்.

182: மனப்பாடம் செய்ய வேண்டிய எண்

இப்போ நாட்டு எல்லையைத் தாண்டுவோம். இங்கேதான் உண்மையான பணம் இருக்கிறது.

இந்திய வருமான வரிச் சட்டத்தில் வசிப்பிட நிலையைச் சொல்வது 6-வது பிரிவு. 1961 சட்டத்திலும் அதே எண்தான், அதற்குப் பதிலாக 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் 2025 சட்டத்திலும் அதே எண்தான். அடிப்படைக் கணக்கும் மாறவில்லை. ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரையிலான வரி ஆண்டில்,

• இந்தியாவில் 182 நாளோ அதற்கு மேலோ இருந்தால் நீங்க ‘வசிப்பவர்’. அல்லது,
• அந்த ஆண்டில் 60 நாளும், அதற்கு முந்தைய 4 ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இருந்தாலும் ‘வசிப்பவர்’.

இரண்டிலும் சேராவிட்டால் ‘வசிக்காதவர்’, அதாவது ஊர் பேச்சில் என்.ஆர்.ஐ.

வித்தியாசம் என்ன? வசிப்பவருக்கு உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் அது இந்தியக் கணக்கில் வரும். வசிக்காதவருக்கு இந்தியாவில் கிடைக்கும் வருமானம் மட்டும்தான்.

இதில் ஒரு சலுகை இருக்கிறது. இந்தியக் குடிமகன் வெளிநாட்டு வேலைக்காகக் கிளம்பும் ஆண்டில், அந்த 60 நாள் விதி அவருக்கு 182 ஆக உயரும். வெளிநாட்டில் வாழும் இந்தியர் ஊருக்கு வந்துபோகும் ஆண்டுகளிலும் அப்படியே. ஆனால் அவருடைய இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டினால் 182-க்குப் பதில் 120 நாள். இது 2020 நிதிச் சட்டம் கொண்டுவந்த மாற்றம்.

நாள்கணக்கு எவ்வளவு கறாரானது என்பதற்கு 2019-ஐ நினைத்துப் பாருங்க. அத்தி வரதர் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள் தரிசனம் தந்தார். அந்த 48 நாளும் ஊரிலேயே தங்கிச் சேவித்த வெளிநாட்டு பக்தருக்கு வரிக் கணக்கிலும் 48 நாள்தான். பக்திக்குத் தள்ளுபடி கிடையாது. கொரோனாவில் விமானம் நின்றபோதுகூட, மாட்டிக்கொண்டவர்களின் நாட்களைக் கழிக்க நேரடி வரிகள் வாரியம் 2020 மே மாதம் தனிச் சுற்றறிக்கை போட வேண்டியிருந்தது. அதுவும் 2020 மார்ச் 22-லிருந்து 31 வரையிலான நாட்களைப் போல, குறிப்பிட்ட நாட்களுக்கு மட்டும்.

துபாய் நண்பரும் பொங்கல் லீவும்

துபாய் வேலைக்கு நண்பர் செப்டம்பர் 20 அன்று கிளம்புகிறார். ஏப்ரல் 30, மே 31, ஜூன் 30, ஜூலை 31, ஆகஸ்ட் 31, செப்டம்பர் 20. மொத்தம் 173 நாள். 182-க்குக் கீழே. அந்த ஆண்டுக்கு அவர் வசிக்காதவர். அமீரகத்தில் சம்பளத்துக்கு வருமான வரி இல்லை, இந்தியாவும் கேட்காது.

இப்போ பொங்கலுக்கு 12 நாள் லீவில் வருகிறார். 173-உம் 12-உம் 185. முடிஞ்சுது கதை! அவர் வசிப்பவர் ஆகிவிட்டார். செப்டம்பரிலிருந்து மார்ச் வரை துபாயில் வாங்கிய சம்பளமும் இந்தியக் கணக்கில் வரும். அங்கே வரியே கட்டாததால் ‘அங்கே கட்டிட்டேன், கழிச்சுக்கோங்க’ என்று சொல்லவும் வழியில்லை. எட்டு நாளோடு திரும்பியிருந்தால் 181-ல் நின்றிருக்கும்.

வந்த நாள், போன நாள் இரண்டையும் முழு நாளாக எண்ணிக்கோங்க. வாதம் பண்ணலாம்தான், ஆனால் அதுதான் பாதுகாப்பான கணக்கு. அந்த வகையில், வேலைக்குக் கிளம்பும் ஆண்டில் செப்டம்பர் 28-க்குள் விமானம் ஏறினால் 181. 29-ஆம் தேதி ஏறினால் 182. சேரும் தேதியை ஹெச்.ஆர். கேட்கும்போது இது மனசில் இருக்கட்டும்.

“இந்தியக் குடிமகன் எந்த நாட்டிலும் வரி கட்டாவிட்டால் இந்தியாவில் வசிப்பவராகக் கருதப்படுவார்” என்ற 2020 மாற்றத்தைப் படித்துப் பயப்படுகிறவர்களும் உண்டு. அது இந்திய வருமானம் 15 லட்சத்தைத் தாண்டுகிறவர்களுக்கு மட்டும். அப்போதும் துபாய் சம்பளம் இதனால் வரிக்குள் வராது.

எம்.எஸ். போகிறவர்களுக்கு

இது நம் வகுப்பில் நிறைய பேருக்குத் தேவைப்படும். அதனால் நிதானமாகப் படிங்க.

டெக்சாஸ் நண்பர் ஆகஸ்ட் 10 கிளம்புகிறார். அதுவரை 132 நாள். 182-க்குக் கீழேதானே என்று தோன்றும். ஆனால் அவர் போவது படிக்க, வேலைக்கு இல்லை. வேலைக்குப் போகிறவருக்கான சலுகை படிப்புக்குக் கிடையாது என்றுதான் பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். அப்போ 60 நாள் விதி பொருந்தும். 60-ஐத் தாண்டியாச்சு, முந்தைய நாலு வருஷமும் இங்கேதான் இருந்தார். ஆக, முதல் ஆண்டில் அவர் இந்தியாவில் வசிப்பவர்.

இதன் விளைவு என்ன? அந்த ஆண்டில் வாங்கும் டி.ஏ., ஆர்.ஏ. சம்பளம் இந்தியக் கணக்கில் வர வேண்டும். அதைவிட முக்கியம், அமெரிக்காவில் திறந்த வங்கிக் கணக்கு. வெளிநாட்டுச் சொத்து உள்ள முழு வசிப்பவர், வருமானம் வரி வரம்புக்குக் கீழே இருந்தாலும் ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டும், அதில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்ப வேண்டும். மறைத்தால் 2015-ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். 2024 அக்டோபர் 1 முதல், அசையாச் சொத்து தவிர்த்த மற்றவை மொத்தம் 20 லட்சத்துக்குள் இருந்தால் அந்த அபராதம் இல்லை. ஆனால் தெரிவிக்கும் கடமை அப்படியே இருக்கிறது. கல்விக் கடனில் போகிற பிள்ளைக்கு இது வீண் தலைவலி. ஒரு மணி நேரம் உட்கார்ந்து ரிட்டர்ன் போட்டால் தீர்ந்துவிடும்.

இன்னொரு குழப்பம். அந்நியச் செலாவணிச் சட்டம், அதாவது ‘ஃபெமா’, வேறு கணக்கு போடும். படிக்கப் போகும் மாணவர்களை வசிக்காதவர்களாக நடத்த ரிசர்வ் வங்கி 2003 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. ஆக, ஒரே ஆள் ஒரே ஆண்டில் வங்கிக்கு என்.ஆர்.ஐ., வரித்துறைக்கு உள்ளூர்வாசி! கிளம்பியதும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றச் சொல்ல வேண்டும். வெளிநாட்டுப் பணத்தை இங்கே சேமிக்க என்.ஆர்.இ. கணக்கு. அதன் வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை. வீட்டுக்கு அனுப்பும் பணத்துக்கு அம்மா அப்பா வரி கட்ட வேண்டுமா? வேண்டாம். பிள்ளை பெற்றோருக்குத் தருவது உறவினர் தரும் அன்பளிப்பு, அதற்கு வரி கிடையாது.

அமெரிக்காவில் மாநிலமும் கேட்கும்

இந்தியாவில் மாநிலம் மாறினால் வருமான வரி மாறாது என்று பார்த்தோம். அமெரிக்காவில் அது அப்படியே தலைகீழ். மத்திய வரி ஒன்று, மாநில வரி இன்னொன்று. ஒவ்வொரு மாநிலமும் ‘நீ எங்க ஊர்க்காரனா’ என்று தனியாகக் கேட்கும்.

மத்திய அளவில், எஃப்-1 விசா மாணவருக்கு பொதுவாக முதல் 5 காலண்டர் ஆண்டுகள் நாள்கணக்கில் சேராது. அவர் அங்கே வசிக்காதவர். சம்பாத்தியம் இல்லாவிட்டாலும் படிவம் 8843 தர வேண்டும், சம்பாத்தியம் இருந்தால் 1040-என்.ஆர். படிவம். இந்திய மாணவர்களுக்கு மட்டும் ஒரு தனி நன்மை உண்டு. இந்தியா-அமெரிக்கா இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தத்தின் 21-வது பிரிவின்படி, வசிக்காதவராக இருந்தும் ‘நிலையான கழிவை’ எடுத்துக்கலாம். பல பேர் இதைத் தெரியாமலேயே விட்டுவிடுகிறார்கள்.

மாநிலத்துக்கு வந்தால் டெக்சாஸ், ஃபுளோரிடா, வாஷிங்டன் போன்றவற்றில் சம்பளத்துக்கு மாநில வருமான வரி இல்லை. கலிஃபோர்னியா, நியூயார்க்கில் உண்டு. நியூயார்க்கில் நிரந்தர வீடு வைத்து 183 நாளுக்கு மேல் இருந்தால், ‘என் சொந்த வீடு வேற மாநிலத்துல’ என்று சொன்னாலும் வசிப்பவர்தான். கலிஃபோர்னியா வேலையை விட்டு நடு ஆண்டில் டெக்சாஸ் போனால் இரண்டு பகுதியாகக் கணக்கு. அப்போ அறுத்துக்கொண்டு வந்ததற்கு ஆதாரம் வேண்டும்: பழைய வீட்டு ஒப்பந்தம் முடிந்த தேதி, புது ஒப்பந்தம், ஓட்டுநர் உரிமம், வண்டிப் பதிவு, கம்பெனிக்குக் கொடுத்த முகவரி. ஒன்றை மாற்றி மற்றதை மறந்தால் பழைய மாநிலம் விடாது.

கல்லூரிக் கட்டணத்துக்கான ‘உள்மாநில மாணவர்’ என்பது இதிலிருந்து வேறு. வரி கட்டினோம், அதனால் கட்டணம் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

இரண்டு நாடும் ‘நீ என் ஆள்’ என்றால்?

அப்படியும் நடக்கும். அதற்குத்தான் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம். அது வரிசையாகக் கேள்வி கேட்கும். நிரந்தர வீடு எங்கே? குடும்பமும் பணமும் எங்கே நெருக்கம்? வழக்கமாக எங்கே இருக்கிறார்? எந்த நாட்டுக் குடிமகன்? எதிலும் தீராவிட்டால் இரண்டு அரசும் பேசி முடிவெடுக்கும். குடியுரிமை நாலாவதாகத்தான் வருகிறது, கவனிச்சீங்களா?

பல வருஷம் கழித்து ஊருக்குத் திரும்புகிறவருக்கும் சட்டம் கொஞ்சம் மூச்சு விட இடம் தருகிறது. முந்தைய 10 ஆண்டுகளில் 9 ஆண்டு வசிக்காதவராக இருந்தாலோ, முந்தைய 7 ஆண்டுகளில் மொத்தம் 729 நாளுக்குள் இங்கே இருந்திருந்தாலோ, அவர் ‘வசிப்பவர், ஆனால் சாதாரணமாக வசிப்பவர் அல்ல’. அந்த இடைக்காலத்தில் வெளிநாட்டில் வரும் வட்டி, வாடகைக்கு இங்கே வரி இல்லை.

கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

• பாஸ்போர்ட்டில் குத்திய முத்திரைகளை ஸ்கேன் பண்ணி வைங்க. போர்டிங் பாஸையும் தூக்கிப் போடாதீங்க.
• ஏப்ரல் முதல் மார்ச் வரை ஒரு சின்ன எக்செல் தாள். வந்த தேதி, போன தேதி, நாள். லீவ் போடும் முன் அதைப் பாருங்க.
• கிளம்பும் ஆண்டில் வேலையா, படிப்பா என்று காட்டும் கடிதத்தைப் பத்திரப்படுத்துங்க.
• வங்கிக்குப் போய் கணக்கின் நிலையை மாற்றுங்க.
• முதல் ஆண்டு ரிட்டர்னை மட்டுமாவது ஒரு ஆடிட்டரிடம் காட்டிப் போடுங்க. வீட்டில் யாரும் இதுவரை வெளிநாடு போனதில்லை என்றால் இது இன்னும் அவசியம். ‘அங்கே போனா எல்லாம் என்.ஆர்.ஐ.தான்’ என்று தெருவில் சொல்வதை வைத்து முடிவெடுக்காதீங்க.

காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெங்களூரு பீரோவில் மடித்து வைத்தாலும் டொராண்டோ கல்யாணத்தில் கட்டினாலும் அது காஞ்சிபுரம் சேலைதான், நெய்த ஊரை யாரும் மாற்ற முடியாது. உங்களுக்கும் சொந்த ஊர் அப்படித்தான். வரிச் சட்டம் கேட்பது அந்த ஊரை இல்லை, இந்த வருஷம் நீங்க இருந்த ஊரை. அதனால் அடுத்த முறை டிக்கெட் போடும் முன் காலண்டரை எடுத்து ஒரு தடவை நாளை எண்ணிடுங்க.